மலையில் கற்பிக்கும் மருத்துவர்



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பேருந்தில் சென்றவர்கள் பர்லியாரைப் பார்த்திருப்பீர்கள். மங்குஸ்தான் விளையும் அவ்வூரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், பெரிய மருத்துவமனையை அடைய மலை வளைவுகளைக் கடந்தே ஆகவேண்டும். அந்த நோயாளிக்கு முதலில் என்ன செய்வது? இதனை நகரத்து வகுப்பறை முழுமையாகக் கற்பிக்காது. மலையில் பணிபுரியும் மருத்துவரே கற்பிப்பார்.

உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. மாணவர்கள் மலைக்கு வந்துவிட்டனர். ஆனால், வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்க, ஒரு மாணவரை அருகில் இருத்தி விளக்கினால் அவ்வரிசை நீளுமன்றோ?

மலைப்பகுதியில் பணியாற்றும் அரசு மருத்துவர்க்கு மேற்படிப்புச் சேர்க்கையில் தமிழ்நாடு சலுகை அளிக்கிறது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனினும் அச்சலுகை பணிக்கு உரியது. கற்பித்தலுக்கு உரியது அன்று.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், ஊதியம் பெறாது மாணவரைப் பயிற்றும் மருத்துவர்க்கு 2014இல் வரிச்சலுகை வழங்கியது. நம் மருத்துவர்க்குப் பணத்தினும் அரியது காலம். கற்பிக்கும் நாளில் துணைக்கு இன்னொரு மருத்துவர், கற்பித்த மணிகளுக்குப் பதவி உயர்வில் மதிப்பு, கல்லூரி ஆசிரியர் என்ற பெயர் — இவையே தக்க ஊக்கங்கள்.

சிற்றூரில் பயின்றவரே சிற்றூரில் தங்கிப் பணிபுரிய மிகுதியும் விரும்புவர். அப்பயிற்சியின் விலையைத் தேயிலைத் தொழிலாளி தம் காத்திருப்பால் கொடுக்கலாகாது. அரசே கொடுத்தல் முறை.