எஃப்.எம்.ஜி.இ. தேர்வு: பெற்றோருக்குச் சில வார்த்தைகள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்த மகளின் அப்பா என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

அப்படிப் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். 2002 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை. 300 கேள்விகள், 150 வாங்கினால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வரக் கூடாது.

மகள் முதல் முறை 138. தவறு என்னுடையது. பயத்தில், யார் எதைச் சொன்னாலும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு செயலிகள், பயிற்சி மையக் குறிப்புகள், தலையணை மாதிரிப் புத்தகங்கள். அவள் எதையும் முழுதாக முடிக்கவில்லை. இரண்டாம் முறை 146. அதன் பிறகு அவள் படி இறங்கிக் கீழே வருவதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் மதிப்பெண் பங்கீட்டை எடுத்துப் பார்த்தோம். பொது மருத்துவம் 33, அறுவை சிகிச்சை 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30. இந்த நான்கிலேயே 125 வந்துவிடுகிறது. அவளோ 17 கேள்வி வரும் உடற்கூறியலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள்! சமூக மருத்துவத்தில் மிகவும் பின்தங்கியிருந்தாள். அங்கே அந்த நாட்டுத் திட்டங்களைத்தானே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14-ஆம் வாரங்களில் என்பது நம் ஊர் செவிலியருக்கு மனப்பாடம். இவள் பார்க் எழுதிய புத்தகத்தை வைத்துப் புதிதாகப் படித்தாள்.

பிறகு ஒரே குறிப்பு, ஒரே வினா வங்கி என்று முடிவு செய்தோம். தப்பான விடைகளுக்குத் தனி நோட்டு: கேள்வி, நான் போட்டது, ஏன் தப்பு. வங்கியில் அன்றைய கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போக மாட்டோம், அதே பழக்கம்தான். ஞாயிறுதோறும் இரண்டரை மணி நேரம் வீதம் இரண்டு வேளை உட்கார்ந்து 300 கேள்விகளுக்கும் விடை எழுதுவாள். மழைக்காலத்தில் இந்த மலையில் சிக்னல் போய்விடும் என்பதால் வீடியோக்களை முன்பே இறக்கி வைத்தோம்.

மூன்றாம் முறை 164. இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கிறாள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த புத்தகம் வாங்கும் முன், முதல் புத்தகம் முடிந்ததா என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படிக்கட்டில் பார்க்கும் பிள்ளையிடம் "ரிசல்ட் என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். "காபி சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் போதும்.

மகளின் நோட்டுகள் என் வீட்டில்தான் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் வந்து வாங்கிக் கொள்ளுங்கள்.