பதிவேட்டில் பெயர் உயிரோடு இருக்கட்டும்

விளாத்திகுளம், புதூர், கழுகுமலை, கயத்தாறு பக்கமிருந்தெல்லாம் காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று செவிலியர் பட்டம் வாங்கும் என் பிள்ளைகளே, வெயில் ஏறுவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இப்படிப்பட்ட மேடைகளில் வேலைக்குப் போவதைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் வேலையை விடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விட்ட பிறகு திரும்பி வருவதைப் பற்றியும்.

உங்களில் பலர் ஒரு நாள் இந்த வேலையை விடுவீர்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, படுத்த படுக்கையான மாமியார், கணவருக்கு மாற்றல், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பார்க்க முடியாத நைட் டூட்டி. நானும் விட்டவள்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சில வருடங்கள் வீட்டில் இருந்தேன். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என் கவலையெல்லாம், போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதுதான்.

2021-ல் இந்தியாவின் மருத்துவப் பணியாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. பதிவேடுகளின் கணக்குப்படி 10,000 மக்களுக்கு 17.7 செவிலியரும் மருத்துவச்சிகளும் இருந்தார்கள். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கில், உண்மையில் வேலை பார்ப்பவர்கள் 10.6 பேர். அவர்களிலும் முறையான தகுதி உள்ளவர்களை மட்டும் எண்ணினால் 6 பேர். பதிவேட்டில் பெயர் இருந்தும் வார்டில் இல்லாதவர்கள் எங்கே போனார்கள்? சிலர் இறந்திருப்பார்கள். சிலர் வளைகுடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். மற்றவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்களிடம்தான் ஓடுகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை அவர்கள் மிதிப்பதில்லை. புதிது புதிதாகக் கல்லூரி திறந்தால் நர்ஸ் பஞ்சம் தீரும் என்கிறார்கள். படித்து முடித்து வீட்டில் இருப்பவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு வழி செய்யாமல் அது தீராது என்று நான் நம்புகிறேன்.

பதிவேடு என்பது சாதாரணக் காரியம் இல்லை, பிள்ளைகளே. 1926-ல் மதராஸ் மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பதிவேடு வைத்தார்கள். நாடு முழுமைக்குமான கவுன்சிலுக்கான சட்டம் 1947-ல் வந்தது. 2023-ல் அதற்குப் பதிலாக தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையத்துக்கான சட்டம் நிறைவேறியது. பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 150 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த முறை. கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. நர்சிங் என்று பெருமையாக அச்சடிக்கிறோம். தாலி கட்டிய பிறகு அந்தப் பதிவு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அப்பாமார்களே, மாப்பிள்ளை வீட்டில் பேசும்போது நகையையும் சீரையும் மட்டும் பேசாதீர்கள். பதிவைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு என்பதையும் பேசுங்கள்.

இனி என் தோழியின் கதை. இதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன்.

அவளும் நானும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஒன்றாகப் படித்தோம். எங்கள் காலத்தில் கண்ணாடி சிரிஞ்சு. டூட்டி ரூமில் பகல் முழுக்க அது தண்ணீரில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டிப் போடுவோம். ஹாஸ்டலில் இரவு விளக்கணைத்த பிறகு மொட்டை மாடியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் எனக்கு மிட்வைஃபரி பாடம் ஒப்பிப்பாள். வயிற்றில் கை வைத்தாலே குழந்தையின் தலை எந்தப் பக்கம், வலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை வருகிறது என்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு கை எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் வேலையை விட்டாள். விளாத்திகுளம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மிளகாயும் பருத்தியும் விவசாயம், மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, 2000-ம் ஆண்டு தாண்டி, திரும்ப வேலைக்கு வந்தாள். நான் லேபர் வார்டு பொறுப்பில் இருந்த அதே ஆஸ்பத்திரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் டூட்டி சார்ட் போட்டவர்கள், பழைய ஆள்தானே, எல்லாம் தெரியும் என்று முதல் வாரமே அவளை இரவில் தனியாகப் போட்டுவிட்டார்கள்.

அன்று இரவு முகமும் காலும் வீங்கிய நிலையில் ஒரு தலைப்பிரசவக்காரியைக் கொண்டுவந்தார்கள். வரும் வழியிலேயே ஒரு முறை வலிப்பு வந்திருந்தது. நம் ஊரில் பிரசவ ஜன்னி என்று சொல்வோமே, அதுதான். என் தோழி நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சுக்குழாய் அடைக்காமல் பார்த்துக்கொண்டாள். டாக்டர் வந்து கேஸ் ஷீட்டில் மெக்னீசியம் சல்ஃபேட் என்று எழுதினார்.

அவள் அந்த மருந்தை இந்த நோய்க்குப் போட்டதே இல்லை. நாங்கள் படித்தபோது ஜன்னிக்கு இருட்டறை, சத்தம் கூடாது, மூன்று மயக்க மருந்துகள் சேர்ந்த கலவை. அது நம் சென்னையில் பிறந்த முறை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன் 1961-ல் இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்குச் சொன்னது. எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றிய முறை அது. பிறகு 1995-ல் இந்தியா உட்படப் பல நாடுகளில் ஜன்னி வந்த 1,687 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. டயசிபாம் போட்டவர்களைவிட மெக்னீசியம் போட்டவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது 52 சதவீதம் குறைவு. ஃபெனிடாயினோடு ஒப்பிட்டால் 67 சதவீதம் குறைவு. அதோடு லேபர் வார்டே மாறிவிட்டது. அது மாறிய வருடங்களில் என் தோழி மிளகாய்க் காட்டில் இருந்தாள்.

அவள் டாக்டரிடம் சொன்னாள்: "எனக்கு இந்த மருந்து பழக்கமில்ல டாக்டர். தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட நிக்கட்டும், நான் போடுறேன். தனியாப் போட மாட்டேன்." டாக்டருக்குக் கோபம். இத்தனை வயசு நர்ஸுக்கு இது தெரியாதா என்று கேட்டிருக்கிறார். அவள் அசையவில்லை. குவார்ட்டர்ஸுக்கு ஆளனுப்பி என்னை எழுப்பினாள்.

ஆம்பியூல் ஒன்றுக்கு ஒரு கிராம். முதல் தவணைக்கே பதினான்கு ஆம்பியூல் உடைக்க வேண்டும். நான்கு கிராமைக் கலக்கி நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும், மீதிப் பத்தை இரண்டு இடுப்பிலும் பாதிப் பாதியாக ஆழமாகப் போட வேண்டும். நான் ஒவ்வொன்றாக உடைத்துச் சொல்லச் சொல்ல அவள் ஏற்றினாள். அடுத்த தவணைக்கு முன் முழங்கால் தட்டிப் பார்க்கணும், மூச்சை எண்ணணும், மணிக்கு முப்பது மில்லி சிறுநீர் இறங்குகிறதா பார்க்கணும், முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும் என்று சொல்லிக்கொடுத்தேன். விடியும்வரை அவள் அந்தப் பெண்ணின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

அன்று அவள் கௌரவம் பார்த்து, தெரிந்த மாதிரி ஊசியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மருந்து அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். என் சர்வீஸில் நான் பார்த்த பெரிய தைரியம், "எனக்குத் தெரியாது" என்று அவள் சொன்னதுதான்.

மறுநாள் காலை நிர்வாகத்திடம் போய் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரும் நர்ஸை, அவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும், சில வாரங்களுக்குத் தனியாக விடக்கூடாது. ஒப்புக்கொண்டார்கள். என் தோழி இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தியோடு டூட்டி பார்த்தாள். அந்தப் பெண் இவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே, பிரசவத்தின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராம் போடவும், ஊசியை மூடி போடாமல் அப்படியே கட்டரில் வெட்டவும் கற்றுக்கொடுத்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்க்கும் வித்தையை இவள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

நம் கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தாலும் புரட்டாசியில் விதை வாங்கிக்கொள்ளும். ஆனால் கோடை உழவு போடாத காட்டில் விதைத்துப் பாருங்கள். திரும்பி வருபவருக்குத் தேவைப்படுவது அந்த உழவுதான்.

இங்கிலாந்தில் மூன்றாண்டில் 450 மணி நேரம் வேலை பார்க்காத செவிலியர் பதிவைத் தக்கவைக்க முடியாது. திரும்பி வர, அதற்கென்று உள்ள படிப்பை முடிக்கணும், இல்லையென்றால் தேர்வு எழுதித் திறமையைக் காட்டணும். நம்மிடம் கேட்பது 150 மணி நேர வகுப்பு. வகுப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் கைக்குப் பழக்கம் வராது. இன்சுலின் பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சா ஆரஞ்சு மூடி சிரிஞ்சா என்பதை நோயாளியின் படுக்கைப் பக்கம் நின்று, கூட ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, கையால் எடுத்துப் பழகணும்.

முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகிகளிடம் இரண்டு கேட்கிறேன். 2017-ன் சட்டத் திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தரச் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. அந்தக் காப்பகத்தை இரவிலும் திறந்து வையுங்கள். விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் போக மாட்டார்கள் என்பது என் அனுபவம். இரண்டாவது, திரும்பி வருபவருக்குச் சம்பளத்தோடு கூடவே நின்று பழகும் காலம் கொடுங்கள். கேப் விழுந்துவிட்டது என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளி வைக்காதீர்கள்.

பிள்ளைகளே, வேலையை விடும்போது பணி அனுபவச் சான்றிதழை அன்றே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மாநிலம் போனால் அங்கே பதிவை மாற்றுங்கள். கூடப் படித்தவர்களில் வேலையில் இருக்கும் ஒருத்தியோடு பேச்சை விடாதீர்கள். வார்டில் என்ன மாறியது என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். படிக்க வந்த ஆண் பிள்ளைகளே, உங்கள் மனைவியும் நர்ஸாக இருந்தால் வீட்டில் மாறி மாறி நைட் டூட்டி பாருங்கள்.

முதல்வர் அம்மாவிடம் ஒரு விஷயம் பேசியிருக்கிறேன். இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வேலையை விட்டு வீட்டில் இருக்கும் செவிலியருக்கு இந்தக் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தை வாரத்தில் ஒரு நாள் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். உங்கள் தெருவில் அப்படி ஒரு அக்கா, சித்தி, மதினி இருந்தால், போகும்போது அலுவலகத்தில் அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டு மேஜையில் இருக்கிறது.