கொழும்பிலிருந்து தம்புள்ளை வரை

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ உறவினர் வந்திறங்கினால், வெள்ளவத்தை வீடுகளில் எழும் முதற் கேள்வி, அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்பதே. காலிமுகத்திடல், தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, புறக்கோட்டைக் கடைத்தெரு ஆகிய மூன்றோடு கொழும்பைப் பார்த்து முடித்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். பழைமையைக் காண அநுராதபுரத்துக்கே போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அது கொழும்பிலேயே காத்திருக்கிறது.

கொட்டாஞ்சேனைப் பக்கம் சென்றால், பொன்னம்பல முதலியார் 1857 இல் எழுப்பி, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோவிலைத் தரிசிக்கலாம். அதற்கு அண்மையிலேயே, ஒல்லாந்தர் 1757 இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் நிற்கிறது. அதன் தளத்தில் ஒல்லாந்த தேசாதிபதிகளின் கல்லறைக் கற்களைக் காணலாம்.

எனினும், தமிழர் தவறாது பார்க்க வேண்டிய கல் கறுவாத்தோட்டத்து நூதனசாலையில் உள்ளது. 1877 இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தினுள், ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்த அக்கல்வெட்டு 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோவில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய இறைவழிபாட்டுக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, வாசனைத் தைலம் எனக் காணிக்கைகள் ஏறத்தாழ ஒரே அளவின. ஒருவருக்கு மிகுதியும் மற்றவருக்குக் குறைவும் இல்லை.

இத்தகைய கல் 1911 இல் எங்கே கண்டெடுக்கப்பட்டது? காலி நகரில், ஒரு வடிகாலின் மேல் மூடுகல்லாக, எழுத்துள்ள முகம் கீழ்நோக்கக் கிடந்தது. எத்தனை பேர் அதன் மேல் நடந்து சென்றனரோ! நாயனார் கோவிலையோ போர்த்துக்கேயர் 1588 இல் இடித்துவிட்டனர். கோவில் போயிற்று, அதற்குச் சாட்சி சொல்லும் கல்லும் மயிரிழையில் தப்பியது. எழுத்தைப் படிப்பார் இல்லாதபோது கல்வெட்டும் வெறுங் கல்லே.

இவ்வுணர்வோடு தம்புள்ளைக்குச் செல்வோர் அங்கே மிகுதியாகக் காண்பர். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு. வெயில் ஏறினால் பாறை சுடுமாதலால் காலையிலேயே ஏறுதல் நன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில், தென்னிந்தியப் படையெடுப்பால் அரசிழந்த வலகம்பா மன்னன் இங்கே மறைந்திருந்து, மீண்டும் முடி பெற்றபின் விகாரை அமைத்தான் என்பது மரபு. மழைநீர் பாறையில் வழிந்து உட்புகாதவாறு குகைகளின் நெற்றியில் விளிம்பு வெட்டப்பட்டிருப்பதை முதலில் நோக்க வேண்டும். அந்தச் சிறு வேலையே குகைகளை வாழிடமாக்கியது.

ஐந்து குகைகளுள் இரண்டாவதே பெரியது. அங்கே புத்தர் திருவுருவங்களோடு விட்டுணுவின் உருவமும் உண்டு. கூரைப் பாறையிலிருந்து சொட்டும் நீரை ஒரு பாத்திரம் ஏந்துகிறது. மூன்றாங் குகையிலே கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னனின் சிலை உள்ளது. 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட அவன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபினன். அவனே இப்பௌத்தக் குகைகளைப் புதுப்பித்து ஓவியந் தீட்டச் செய்தான். நூதனசாலைக் கல் சொன்ன செய்தியையே இக்குகையும் வேறு வகையாற் சொல்கிறது.

1991 முதல் தம்புள்ளை உலக மரபுரிமைச் சின்னமாக விளங்குகிறது. ஆயினும் சட்டம் மட்டும் ஓவியத்தைக் காவாது. சுவரைத் தொடாத கையும், பெயர் கீறாத விரலும் வேண்டும். புத்தர் உருவுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காத பணிவும் வேண்டும்.

அடுத்த முறை உறவினர் வரும்போது நேயர்கள் முதலில் அவர்களை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லலாம். குழந்தைகளை அந்தக் கல்லின் முன் சிறிது நேரம் நிறுத்தி, தமிழ் எழுத்து எங்கே இருக்கிறதெனத் தேடச் சொல்லலாம். ஓர் எழுத்தையேனும் அடையாளங் கண்டுகொள்ளும் குழந்தை, வளர்ந்தபின் எந்தப் பழங் கல்லையும் அறியாது மிதித்துச் செல்லாது.