நெடுந்தீவுப் புறாமாடம்

குறிகட்டுவான் துறையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலைகளோடு ஆடி அசைந்து, நெடுந்தீவுக் கரையில் இறங்குவோர் காண விரும்பும் பொருள்கள் சில உண்டு. வெளிகளிற் கூட்டங் கூட்டமாக மேயும் கட்டாக்காலிக் குதிரைகள் ஒன்று. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் மற்றொன்று. இடிந்து கிடக்கும் ஐரோப்பியர் காலத்துக் கோட்டை இன்னொன்று. இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபின், படகுக்கு நேரமாயிற்று என்று விரைபவர் பலர், அருகிலேயே நிற்கும் ஒரு சிறு கட்டடத்தை அரைக்கண்ணாற் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் அமைந்து, சுவரிலே வரிசை வரிசையாகச் சிறு பொந்துகள் கொண்ட அக்கட்டடத்தைப் புறாக்கூடு என்று ஊரார் அழைப்பர். அந்தப் புறாக்கூட்டைப் பற்றியும், அதில் வாழ்ந்த பறவையினத்தின் வியத்தகு இயல்பு பற்றியுமே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கைப்பற்றியதும், நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை அமைந்த தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. இப்பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது. அவ்வாறு பெயரிட்டு ஆண்டோர் காலத்தில், தீவுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் இடையே புறாக்கள் மூலம் செய்தி போய் வந்தது என்பது நெடுந்தீவு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இச்செய்தியைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் ஒரு காட்சி தோன்றும். அதிகாரி ஒருவர் ஓலையைச் சுருட்டிப் புறாவின் காலிற் கட்டி, "யாழ்ப்பாணம் போ" என்று ஏவுகிறார். அதுவும் பணிவுடன் போய்ச் சேர்ந்து, மறுமொழி வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அழகிய காட்சிதான், ஆயின் உண்மைக்குப் பொருந்தாத காட்சி. புறா ஏவிய இடத்துக்குப் போகும் பறவையன்று. அதற்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அது வீட்டுக்குத் திரும்பும் வழி.

தமிழிலே தூது என்றொரு பிரபந்த வகை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். தூது விடுதற்குரியவை எனப் பத்துப் பொருள்களை இரத்தினச் சுருக்கம் என்ற நூல் எண்ணிக் காட்டுகிறது. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பவை அவை. உலகில் உண்மையாகவே கடிதம் சுமந்த பறவையாகிய புறாவுக்கு அப்பட்டியலில் இடமில்லை! பருந்துக்கு அஞ்சிய புறாவைக் காக்கத் துலையேறிய செம்பியனின் கதையைச் சங்கப் புலவர் போற்றினர். ஆயினும் தூதுப் பொருள் பத்தினுள் புறா சேரவில்லை. ஒருவகையில் இதுவும் பொருத்தமே. தலைவி விடும் தூது தலைவனிடம் போக வேண்டும். புறாவோ தலைவியின் வீட்டில் வளர்ந்ததாயின் தலைவியின் வீட்டுக்கே திரும்பி வரும்.

எனவே நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறாவால் ஓலை அனுப்ப வேண்டுமானால், முதலில் யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்த புறாவைக் கூடையில் அடைத்துப் படகிலேற்றி நெடுந்தீவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். அதுபோலவே நெடுந்தீவுப் புறாக்கூட்டில் வளர்ந்த பறவைகளைப் பிற துறைகளுக்குக் கொண்டு சென்றிருந்தாலன்றி, அக்கூட்டுக்குச் செய்தி வந்திராது. ஆகவே ஊரார் சொல்லும் வழக்கை ஏற்போமாயின், நெடுந்தீவுக் கூடு செய்தி போன இடமன்று. செய்தி வந்து இறங்கிய இடம் எனவே கொள்ளுதல் வேண்டும். இன்னுமொன்றையும் மறக்கலாகாது. அக்கால ஐரோப்பியர் புறாமாடம் கட்டியதெல்லாம் செய்திக்காக அன்று. குஞ்சின் இறைச்சி உணவுக்கும், எச்சம் எருவுக்கும் பயன்பட்டன. இரண்டு பயனும் ஒரே கூட்டால் விளைதல் கூடும்.

நெடுந்தீவின் நடுப்பகுதிக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் இடையிலுள்ள நேர்வழித் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். நன்கு பழகிய புறா மணிக்கு 60 கிலோமீற்றருக்குக் குறையாமற் பறக்கும். சோளகக் காற்று உரத்து வீசி, வள்ளங்கள் துறையிற் கட்டுண்டு கிடக்கும் நாளிலும், வானம் தெளிந்திருந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் செய்தி சேர்ந்துவிடலாம். தீவிலே வாழ்ந்தோருக்கே இதன் அருமை விளங்கும். நள்ளிரவில் நோயாளி ஒருவர் துடிக்கும்போது, அக்கரைக்குச் செய்தி சொல்ல வழியின்றித் தவித்த தலைமுறைகள் நம் தீவுகளில் வாழ்ந்து மறைந்தன.

இத்தகைய தவிப்பு நமக்கு மட்டும் உரியதன்று. நியூசிலாந்தில், ஒக்லாந்து நகருக்கு அப்பால் கிரேட் பாரியர் என்றொரு தீவு உண்டு. 1894ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 29ஆம் நாள், வைரராப்பா என்ற கப்பல் அத்தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரச் செய்தி நகரத்தை எட்ட மூன்று நாள் சென்றது. அதன்பின், 1897ஆம் ஆண்டில் அத்தீவுக்குப் புறா அஞ்சல் தொடங்கப்பட்டது. 1898இல் அதற்கெனத் தனி முத்திரைகளே அச்சிடப்பட்டன. ஒக்லாந்திற் பிறந்த புறாக்களைக் கப்பலிற் கொண்டுபோய்த் தீவில் வைத்திருந்து, வேண்டும்போது விடுவித்தனர். 1908ஆம் ஆண்டில் கடலடித் தந்திக் கம்பி வந்து சேர்ந்ததும் அச்சேவை ஓய்ந்தது. நம் அண்டை நாட்டிலும், ஒடிசா மாநிலப் பொலிசார் 1946ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் புறாச் சேவை நடத்தினர். வெள்ளமும் புயலும் தந்தியையும் தொலைபேசியையும் அறுத்தபோது, அப்பறவைகள் கைகொடுத்தன.

தந்தியும் வானொலியும் வந்தபின் புறாவின் உத்தியோகம் போயிற்று. ஆயினும் அதன் ஆற்றலைக் கண்டு மகிழும் ஆர்வம் போகவில்லை. அவ்வார்வமே பந்தயமாக வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வேரூன்றிய இவ்விளையாட்டு, பிரித்தானியாவில், சிறப்பாக ஸ்கொத்லாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில், தொழிலாளரின் உள்ளத்தைக் கவர்ந்தது. இதிலே ஒரு வரலாற்று விநோதம் உண்டு. பழைய ஸ்கொத்லாந்தில் புறாமாடம் பிரபுக்களின் உடைமை. போதிய விளைநிலம் உடையோரே மாடம் கட்டலாம் என்று 1617ஆம் ஆண்டில் சட்டமும் இயற்றப்பட்டது. பிரபுவின் புறா குடியானவனின் தானியத்தைத் தின்றுவிட்டுப் பிரபுவின் மாடத்துக்குத் திரும்பும். குடியானவனோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பின்வந்த காலத்தில், நாள் முழுதும் நிலத்துக்கு அடியில் இருளில் உழைத்த தொழிலாளி, தன் வீட்டுப் பின்புறத்தில் பலகையால் ஒரு கூடு அடித்து, அதிலே புறா வளர்த்து, ஓய்வு நாளில் வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றான். மாடம் மாளிகையை விட்டுக் குடிசைக்கு இறங்கிவந்த கதை இது.

பந்தயம் நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குஞ்சு பொரித்து ஒரு வாரமளவில், ஆண்டும் இலக்கமும் பொறித்த வளையம் ஒன்று அதன் காலில் இடப்படும். கால் வளர்ந்தபின் அவ்வளையத்தைக் கழற்ற இயலாது. குஞ்சு பறக்கத் தொடங்கியதும், கூட்டின் சுற்றுப்புறத்தை அது பழகிக்கொள்ள விடுவர். பின்னர் சில கிலோமீற்றர் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுவிப்பர். படிப்படியாகத் தூரத்தைக் கூட்டுவர். பந்தய நாளில் பல வீட்டுப் புறாக்களும் ஓரிடத்திலிருந்து ஒரே வேளையில் விடுவிக்கப்படும். ஆயின் அவை சென்றடையும் இடங்கள் வேறு வேறு. ஆகையால் முதலில் வந்தது எது என்று பார்ப்பதில்லை; ஒவ்வொரு கூட்டுக்குமுரிய தூரத்தை அளந்து, எடுத்த நேரத்தால் வகுத்து, வேகத்தைக் கணித்தே வெற்றி தீர்மானிக்கப்படும். பிரான்சு நாட்டில் விடுவிக்கப்பட்டு, கடலைக் கடந்து, 800 கிலோமீற்றருக்கும் அப்பால் ஸ்கொத்லாந்திலுள்ள தன் கூட்டைத் தேடி அடையும் புறாக்கள் உண்டு. தமிழகத்திலும் சென்னை முதலிய ஊர்களில் இத்தகைய பந்தயம் நடைபெறுகிறது. வானிற் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறாவுக்கும், நெடுநேரம் உயரப் பறக்கும் புறாவுக்கும் அங்கே தனித்தனிப் போட்டிகள் உண்டு.

புறா வழியறிவது எப்படி? அறிஞர் பலர் ஆராய்ந்தனர். சூரியனின் நிலையைக் கொண்டும், தன் உள்ளே ஓடும் காலவுணர்வைக் கொண்டும் அது திசை அறிகிறது. செயற்கை விளக்கொளியில் வைத்து அதன் காலவுணர்வை ஆறு மணி நேரம் மாற்றினால், திசையிற் கால்வட்டம் பிழைத்துப் பறக்கிறது. முகில் மூடிய நாளில் அதன்மீது காந்தத்தைப் பொருத்தியபோது தடுமாறியது என 1971ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கீற்றன் எடுத்துக்காட்டினார். காற்றில் வரும் மணத்தையும் அது துணைக்கொள்ளும் என்பது 1972இல் இத்தாலிய அறிஞர் பாப்பி முதலியோர் கண்ட முடிவு. வீட்டை நெருங்கியபின் பழகிய தெருக்களைப் பின்பற்றுவதும் உண்டு. ஒரு வழி அடைபட்டால் மறுவழி. அதுவும் அடைபட்டால் இன்னொரு வழி. வீடு சேரவேண்டும் என்ற நாட்டம் மட்டும் மாறுவதில்லை.

இந்நாட்டம் மனிதருயிரைக் காத்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறி முடிக்க விரும்புகிறேன். 1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23ஆம் நாள், நோர்வேயிலிருந்து திரும்பிய பிரித்தானியப் போர் விமானம் ஒன்று வடகடலில் வீழ்ந்தது. நால்வர் குளிர்நீரில் மிதந்தனர். தாம் இருக்கும் இடத்தை அறிவிக்க அவர்களால் இயலவில்லை. விமானத்தில் இருந்த விங்கி என்னும் பெண்புறா, இறகெல்லாம் எண்ணெய் தோய்ந்த நிலையில், ஏறத்தாழ 190 கிலோமீற்றர் பறந்து, ஸ்கொத்லாந்தின் டண்டி நகருக்கு அருகிலுள்ள தன் கூட்டை அடைந்தது. அதன் காலிலே கடிதம் எதுவும் இல்லை. ஆயினும் அது வந்த நேரத்தையும், காற்றின் திசையையும், இறகில் ஏறிய எண்ணெயின் பாரத்தையும் கொண்டு விமானம் வீழ்ந்த இடத்தைக் கணித்தனர். நால்வரும் மீட்கப்பட்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரில், விலங்குகளின் வீரத்துக்கு வழங்கும் டிக்கின் பதக்கத்தை முதன்முதற் பெற்ற பறவைகளுள் விங்கியும் ஒன்றாயிற்று. கடிதம் கொண்டு வராத அப்பறவையின் வருகையே செய்தியாக அமைந்தது.

நேயர்களே, நமது தீவுகள் இன்று ஒரு பெரிய புறாக்கூட்டைப் போன்றன. பிழைப்பை நாடிக் கொழும்புக்கும் கண்டிக்கும் சென்றோர் முற்காலத்தில் இருந்தனர். 1990ஆம் ஆண்டை அடுத்த போர்க்காலத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக வெளியேறினர். அவர்களின் மக்களும் பேரரும் இன்று தொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். வெறுமையாய்க் கிடக்கும் வளவுகளும், பூட்டிய வீடுகளும், ஆளில்லா முற்றங்களும் நம் தீவுகளிற் பல. ஆயினும் நயினை நாகபூசணி அம்மனின் திருவிழாவுக்குக் கடல் கடந்து வருவோரைக் குறிகட்டுவான் துறையிற் பார்க்கிறோம். அவர்கள் கையிற் கடிதம் இல்லை. பாட்டனாரின் வளவைத் தேடி, கிணற்றைத் தேடி, வாசலைத் தேடி நடக்கின்றனர். அவர்களின் வருகையும் ஒரு செய்தியே.

ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். புறா திரும்புவது கூடு இருக்கும் வரையில்தான். கூடு சிதைந்துவிட்டால், எத்தனை வழி அறிந்த பறவையும் வட்டமிட்டு வட்டமிட்டு ஓய்ந்துபோகும். நெடுந்தீவின் புறாக்கூட்டை உப்புக்காற்று நாள்தோறும் அரிக்கின்றது. பொழுதுபோக்காக அதன்மீது ஏறுவோரும், கல்லிற் பெயர் கீறுவோரும் அந்த அழிவை விரைவுபடுத்துகின்றனர். அடுத்த முறை நெடுந்தீவுக்குச் செல்லும்போது, அதன்முன் சற்று நில்லுங்கள். குழந்தைகளை அழைத்துச் சென்றால், அப்பொந்துகளின் பயனை அவர்களுக்குச் சொல்லுங்கள். அக்கல்லில் கை வைக்காமலே பார்க்கும்படி சொல்லுங்கள். கூட்டைக் காப்பது இருப்போரின் கடமை. திரும்பி வருவது பறவையின் இயல்பு.