கைப்பற்றிய கப்பலும் கைக்கெட்டாத கரியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



துணிவும் சூழ்ச்சியும் மிக்க ஒருவனைக் கண்டால் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைக் கரையோரம் வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்தான் அது. எம்டனின் புகழை எடுத்துரைக்க நாம் இங்கு வரவில்லை. அது முதன்முதலாகச் சிறைபிடித்த கப்பலைப் பற்றியே பேச விழைகின்றோம். அதனை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலர்.

ரியாசான் என்பது அக்கப்பலின் பெயர். 1909இல் ஜெர்மனியின் எல்பிங் நகரில் ருஷ்யருக்காகக் கட்டப்பட்டது. 1914 ஆகஸ்ட் 4ஆம் நாள், போர் தொடங்கிய சில நாட்களுக்குள், ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட கடலில் எம்டன் அதனைத் துரத்திப் பிடித்தது. ஜெர்மனியில் பிறந்து ருஷ்யாவில் வாழ்க்கைப்பட்ட பெண் மீண்டும் பிறந்தகத்தார் கையில் சிக்கினாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

சீனக் கரையில் அந்நாளில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவோ துறைமுகத்துக்கு அதனைக் கொண்டு சென்றனர். அங்கே கொர்மொரான் என்னும் பழைய சிறு போர்க்கப்பல் ஒன்று பழுதுற்றுக் கிடந்தது. அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் எட்டையும் கழற்றி ரியாசானில் பொருத்தினர். மாலுமிகளும் மாறினர், தலைவர் சுக்ஷ்வெர்ட்டும் மாறினார், பெயரும் கூடவே வந்தது. கொர்மொரான் என்றால் நீர்க்காகம். பயணக் கப்பலைப் போர்க்கப்பலாக்குவது எளிய வேலையன்று. பீரங்கி பின்னுதைக்கும் விசையைத் தளம் தாங்க வேண்டும்; குண்டுகளுக்குக் காப்பான அறை வேண்டும்; பெருந்தொகை மாலுமிகளுக்கு இடம் வேண்டும். இவ்வளவையும் சில நாட்களில் முடித்து, ஆகஸ்ட் 10ஆம் நாள் அக்கப்பல் கடலில் இறங்கிவிட்டது. அவ்வேலைத்திறத்தைப் பாராட்டாதிருக்க இயலாது.

பீரங்கி கிடைத்தது, கரி கிடைக்கவில்லை. இதுதான் இக்கப்பலின் வரலாறு.

நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில், கரி தீர்ந்தால் வண்டி நின்றுவிடும் என்று ரயில்வேயில் மூத்தோர் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம். தண்டவாளத்திலாவது வழிநெடுகக் கரிக் கிடங்குகள் உண்டு. பகைவர் சூழ்ந்த கடலில் யார் கொடுப்பார்? எம்டன் அதற்கு வழி கண்டது. செப்டம்பர் 10ஆம் நாள் வங்காள விரிகுடாவில், நம் நாட்டு நிலக்கரியை ஏற்றிவந்த பொன்டொபொரோஸ் என்னும் கிரேக்கக் கப்பலைப் பிடித்தது. அக்கரி புகை மிக்கது. தொலைவிலேயே காட்டிக் கொடுத்துவிடும். சென்னையைத் தாக்கிய சில நாட்களில் புரெஸ்க் என்னும் ஆங்கிலக் கப்பல் உயர்ந்த வேல்ஸ் கரியோடு வந்து அகப்பட்டது. பகைவர் கரியைக் கொண்டே பகைவரைத் தாக்கியது எம்டன். வணிகக் கப்பல் நெருங்கி ஓடும் கடலில் இருந்தமையால் அது கைகூடிற்று.

கொர்மொரானோ பசிபிக் பெருங்கடலின் தீவுகளிடையே அலைந்தது. அங்கே பிடிக்கக் கப்பலே இல்லை. ஆகஸ்ட் 23இல் ஜப்பான் ஜெர்மனிமீது போர் தொடுத்தது. செப்டம்பரில் ஜெர்மானியரின் நியூகினியை ஆஸ்திரேலியர் கொண்டனர். அக்டோபரில் வடக்கேயுள்ள தீவுகளை ஜப்பானியர் கொண்டனர். புகலிடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. எட்டுப் பீரங்கி தாங்கிய அந்தக் கப்பல் பகைவரின் ஒரு கப்பலையேனும் மூழ்கடிக்கவில்லை, ஒன்றையேனும் பிடிக்கவுமில்லை. ஒளிந்து திரிவதே அதன் போராயிற்று.

நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே எம்டனின் கதை முடிந்தது. டிசம்பர் 14ஆம் நாள் கொர்மொரான், கரி தீர்ந்துபோகும் நிலையில், அமெரிக்கருக்கு உரிய குவாம் தீவின் அப்ரா துறைமுகத்துள் நுழைந்தது. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. ஜெர்மானியர் கரி கேட்டனர். தீவின் இருப்பே குறைவு. கேட்டதில் சிறு பங்குதான் கொடுக்க முடியும் என்றார் ஆளுநர். ஒரு நாளுக்குள் வெளியேறுக, அன்றேல் தடுப்புக் காவலை ஏற்றுக்கொள்க என்பது நிபந்தனை. சுக்ஷ்வெர்ட் காவலை ஏற்றார். வேறு வழி இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் 350க்கும் மேற்பட்டோர் நங்கூரமிட்ட கப்பலில் காத்துக் கிடந்தனர். தொடக்கத்தில் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது. பின்னர் கரையில் இறங்க இசைவு கிடைத்தது; தீவு மக்களோடு நட்பும் வளர்ந்தது.

1917 ஏப்ரல் 7ஆம் நாள், அமெரிக்கா போர் தொடுத்த செய்தி குவாமுக்கு வந்தது. கப்பலை ஒப்படைக்குமாறு அமெரிக்க அதிகாரிகள் கேட்டனர். ஆட்களை ஒப்படைப்பேன், கப்பலை ஒப்படையேன் என்றார் சுக்ஷ்வெர்ட். கொர்மொரானின் படகொன்றை நிறுத்த அமெரிக்கர் அன்று எச்சரிக்கையாகச் சுட்டனர். அப்போரில் ஜெர்மானியரை நோக்கி அமெரிக்கர் சுட்ட முதற்குண்டு அதுவே என்பர். சிறிது நேரத்தில் கப்பல் வெடித்து மூழ்கிற்று. அதனைத் தகர்த்தவர் அதன் மாலுமிகளே. உயிரிழந்தவர்களில் உடல் கிடைத்தோரை அமெரிக்கர் தீவின் கடற்படைக் கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்தனர். எஞ்சியோர் அமெரிக்காவில் போர்க்கைதிகளாயினர்.

1943இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்டு தோக்காய் மாரு என்னும் ஜப்பானியக் கப்பல் அதே துறைமுகத்தில் மூழ்கிற்று. அது சென்று படிந்த இடம் கொர்மொரானின் பக்கமே. நீரில் மூழ்கி அங்குச் செல்வோர் ஒரு கையால் இதனையும் மறு கையால் அதனையும் தொட்டுப் பார்க்கின்றனர்.