வாயில்லா ஜீவனுக்கும் ஒரு கேஜ்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்பெனிகள் நிறைந்த ஊரில் இவர் குதிரையைப் பத்திப் பேசறாரே என்று சிலர் நினைக்கலாம். நம்ம ஓசூருக்கு சிப்காட் வருவதற்கு வெகுகாலம் முன்பே குதிரை வந்துவிட்டது. மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கியதே கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்க்கத்தான். எல்லை தாண்டினால் பெங்களூரு. அந்த ஊர்க்காரர் ஃபவாத் மிர்ஸா 2018 ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் தனிநபர் வெள்ளி வாங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இறுதிச் சுற்று வரை போனார்.

பதக்கம் மனிதனுக்கு, பாடு குதிரைக்கு. அந்தப் பாடு அளவோடு இருக்கிறதா, அளவு மீறிவிட்டதா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடு வலித்தால் கத்தும், நாய் முனகும். குதிரை பெரும்பாலும் சத்தமே போடாது. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக வாழ்ந்த இனம் அது. நொண்டுவதைக் காட்டினால் உயிர் போய்விடும். அதனால் வலியை மறைப்பது அதன் சுபாவம். ஆகவே, "நல்லாத்தானே நிக்குது" என்ற பேச்சை நம்பக் கூடாது.

முதல் அளவு இதயத் துடிப்பு. ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. முழு வேகத்தில் 220-ஐத் தாண்டும். ஏறுவது தப்பில்லை, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதே கேள்வி. நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர் நிறுத்திப் பார்ப்பார். குறித்த நிமிடங்களுக்குள் துடிப்பு பொதுவாக 64-க்கு இறங்காவிட்டால் அந்தக் குதிரை அதோடு வெளியே. எஜமானர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி.

இரண்டாவது கார்டிசால். இரத்தத்திலும் எச்சிலிலும் சாணத்திலும் பார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இது காலையில் கூடும், மாலையில் குறையும்; ஓடினாலும் கூடும், உற்சாகத்திலும் கூடும். ஒரே ஒரு அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஷாப்பில் கன்ட்ரோல் சார்ட் போடும் நண்பர்களுக்கு இது புரியும்: ஒரு புள்ளி பேசாது, போக்குதான் பேசும்.

மூன்றாவது முகம். 2014-ல் வெளியான ஒரு முறைப்படி ஆறு இடங்களைப் பார்க்கிறார்கள். பின்னுக்கு மடங்கிய காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், விறைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விரிந்து இறுகிய நாசி. இதற்குச் செலவே இல்லை. தினமும் புல் போடும் குதிரைக்காரருக்கு இது ஏற்கெனவே தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது நம்ம ஊர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். கடிவாளத்தின் மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. யாருடைய விரல்? என் விரலா, பயில்வான் விரலா? கோ, நோ-கோ கேஜ் பிடித்த கைகள் இந்த விதியை ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாது. 2025-ல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இதற்கென ஒரு கேஜையே கொண்டுவந்தது. இடைவெளி 1.5 சென்டிமீட்டர். இனி வாக்குவாதம் இல்லை.

அளக்காவிட்டால் என்ன ஆகும்? 2021-ல் டோக்கியோவில் ஐந்து விளையாட்டுப் போட்டியில், மிரண்டுபோன குதிரையைச் சாட்டையால் அடித்ததையும் பயிற்சியாளர் கையால் குத்தியதையும் உலகமே பார்த்தது. விளைவு, 2024 பாரிஸுக்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டுவிட்டது. ஜனங்களின் நம்பிக்கை போனால் விளையாட்டே போய்விடும்.

ஓட்டம் மட்டுமல்ல, பயணமும் பாரம்தான். தலையைத் தூக்கிக் கட்டி நெடுநேரம் லாரியில் கொண்டுபோனால், தலை குனிந்து சளியை வெளியேற்ற முடியாமல் நுரையீரலில் நோய் வரும். வழியில் நிறுத்தி, அவிழ்த்து, தலை தாழ்த்தித் தண்ணீர் குடிக்க விட வேண்டும். நம்ம நெடுஞ்சாலை ஓரத்தில் அதற்கு ஒரு நிழலும் தொட்டியும் இருந்தால் போதுமே!

மாணவர்களே, துடிப்பை அளக்கும் கருவி செய்வது இன்று உங்களுக்குக் கஷ்டமில்லை. ஆனால் அதே கருவியை வைத்து, "இன்னும் கொஞ்சம் தாங்கும், ஓட்டு" என்றும் சொல்லலாம். "போதும், நிறுத்து" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லும் அதிகாரம், ஜெயிப்பதால் லாபமடையாத ஒருவர் கையில் இருக்க வேண்டும். கருவி செய்வதோடு இதையும் கேளுங்கள்.