தகடூர் நாட்டில் இரண்டு நாள்



சென்னையிலோ பெங்களூரிலோ உத்தியோகம் பார்த்து, சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கும் பாக்கியம் பெற்றவர்கள், வெள்ளிக்கிழமை மாலையிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மலைக்கோ ஆற்றங்கரைக்கோ புறப்பட்டுவிடுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்காட்டையும் உதகையையும் கொடைக்கானலையும் நாடிச் சென்று, நகரத்தில் விட்டுவந்த அதே ஜனநெரிசலைக் கம்பளிச் சட்டை அணிந்த கோலத்தில் மறுபடியும் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆறும் மலையும் ஒரே ஜில்லாவுக்குள் அடங்கியிருந்தும், ஓர் அருவிக்கு அப்பால் அதிகமாக யாரும் எட்டிப் பாராத தருமபுரிச் சீமையைப் பற்றி இன்று பேசலாமென்று வந்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து அதிற் பாதிகூட இல்லை. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பிரிந்து தனி மாவட்டமாகி, 2004-இல் தன்னிடமிருந்து கிருஷ்ணகிரியையும் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சற்றே மெலிந்து நிற்கிற பிரதேசம் இது. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் இதுவே என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தியாதலால் அதை நான் விஸ்தரிக்கவில்லை. நான் சொல்ல வருவது நீரைப் பற்றி. காவிரி போன்ற மகாநதியொன்று மேற்கு எல்லையை உராய்ந்துகொண்டு போகிறது. ஆனால் அது ஆழ்ந்த பள்ளத்தில் போகிறது, நிலமோ மேட்டில் நிற்கிறது. ஆகவே தஞ்சைக்குச் சோறு போடுகிற அந்த நதி, தான் கடந்து வருகிற இந்தச் சீமையின் புன்செய்களை ஏறிட்டுப் பார்க்காமலே மேட்டூருக்குப் போய்விடுகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு பிரயாணம் செய்தால் காண்பவையெல்லாம் வேறு விதமாகத் தோன்றும்.

முதல் நாளை ஒகேனக்கல்லுக்குக் கொடுத்துவிடுங்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். மற்ற அருவிகளுக்கு நாம் ஏறிப் போகிறோம். இதற்கோ இறங்கிப் போக வேண்டும். பென்னாகரத்தைத் தாண்டியதும் கேழ்வரகுக் கொல்லைகளும் புளியமரங்களும் பின்தங்கிவிட, சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து கீழிறங்க, காற்றிலே ஈரம் தட்டத் தொடங்கிச் சிறிது நேரம் சென்ற பிறகுதான் நீரின் முழக்கம் செவியில் விழுகிறது. இக்கரை தமிழ்நாடு, அக்கரை கர்நாடகம். சற்று மேலே பிலிகுண்டுலுவில், தமிழகத்துக்கு வந்து சேரும் நீரை இத்தனை கன அடியென்று அளந்து எழுதிவைக்கிறார்கள். இரு மாநிலங்களுக்கிடையே எழும் வழக்குகளுக்கெல்லாம் ஆதாரமான கணக்கு அது. அப்படி அளக்கப்பட்ட நதி, அளவுக்கு அடங்காத ஆவேசத்தோடு பல கிளைகளாகப் பிரிந்து, சுமார் 20 மீட்டர் வரை ஆழமுள்ள பாறைப் பிளவுகளில் பாய்ந்து, திவலைகளைப் புகைபோல் எழுப்புகிற காட்சிதான் ஒகேனக்கல்.

அந்தப் பாறைகளையும் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். பூமியின் கர்ப்பத்திலிருந்து அக்கினிக் குழம்பாக எழுந்து இறுகிய, சுண்ணச்சத்து மிகுந்த அபூர்வமான இனமும் அவற்றிடையே கலந்திருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். அத்தகைய புராதனமான பாறையின்மீது இன்று நம்மவர்கள் அமர்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. எண்ணெய் தேய்த்துவிடுவதையே ஜீவனமாகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பிசைந்து, தட்டி, முறுக்கி, நம் எலும்புகள் இன்னின்ன இடத்தில் இருக்கின்றன என்பதை நமக்கே அறிமுகப்படுத்திவிட்டு அனுப்புகிறார்கள். அதன்பின் செய்கிற அருவி ஸ்நானத்தின் சுகம் அலாதியானது.

பரிசல் சவாரியை விட்டுவிடக் கூடாது. மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் தாளும் தாரும் கொண்டு அடிப்புறத்தை மூடிய அந்தத் தோணிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒற்றைத் துடுப்பினால் அதைச் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே செலுத்திச் செல்லும் பரிசல்காரர், நடு ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, குழந்தைகளைக் கூவவும் பெரியவர்களைக் குலதெய்வத்தை நினைக்கவும் வைக்கிறார். தண்ணீரில் போக வழியில்லாத இடத்தில் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நம்மோடு நடக்கிறார். உயிர்காப்புச் சட்டை அணிய மறுக்காதீர்கள். கர்நாடகத்து அணைகள் திறந்து நீர்வரத்து மிகுந்தால் குளிப்பதற்கும் பரிசல் விடுவதற்கும் மாவட்ட ஆட்சியர் தடை விதித்துவிடுவார். ஆடி, ஆவணி மாதங்களில் இது அடிக்கடி நேரும். புறப்படுவதற்கு முதல் நாள் செய்தியில் நீர்வரத்தைக் கேட்டுக்கொள்வது உசிதம். வெள்ளம் தணிந்த ஐப்பசிக்குப் பிறகு தை, மாசி வரையில் சௌகரியமான காலம்.

பகல் போஜனம் மீன் உண்பவர்களுக்கு ஓர் உற்சவம். மீனை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டால், அங்குள்ள பெண்கள் மசாலா தடவிக் கல்லில் வறுத்தும் குழம்பு வைத்தும் தருவார்கள். குளித்த பசியில் அதைக் குறை சொல்ல நாவு எழாது.

இவ்வளவு நீரையும் கண்டு களித்துவிட்டு மறுபடியும் மேட்டுக்கு ஏறி வரும்போது, வழிக் கிராமங்களில் முதியவர்கள் சிலருடைய பற்களைக் கவனியுங்கள். பழுப்புக் கறை படிந்திருக்கும். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு உப்பு மிகுந்திருந்ததன் அடையாளம் அது. ஆழ்துளைக் கிணற்றைத் தோண்டத் தோண்ட உப்பும் கூடவே வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவில் 2008-இல் தொடங்கி, 2013-இல் பயனுக்கு வந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரியைக் குழாய்களில் மேட்டுக்கு ஏற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களின் குடத்தில் ஊற்றத் தொடங்கியது. அருவியில் நாம் தலைக்கு ஊற்றிக்கொண்ட நீர், மேட்டிலிருந்தவர்களின் தொண்டைக்கு வந்து சேர இத்தனை காலம் பிடித்தது என்பது என்னை உறுத்துகிற விஷயம்.

சிறிது சுற்றிவரச் சம்மதமானால் பாப்பாரப்பட்டியில் இறங்கலாம். சிறையில் தொழுநோய் பற்றிக்கொள்ள, அந்நோயைக் காரணம் காட்டி ரயிலேற விடாமல் தடுக்கப்பட்டு, நடந்தே தேசத்தொண்டு செய்த சுப்பிரமணிய சிவா, பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப ஆசைப்பட்ட ஊர் அது. 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல் சிவா அவ்வூரிலேயே காலமானார். அவருடைய நினைவிடத்துக்கு அருவிக் கூட்டத்தில் நூறில் ஒருவராவது வந்தால் நன்று.

இரண்டாம் நாளுக்கு மலை. வத்தல்மலை தருமபுரிக்கு அருகிலேயே இருக்கிறது. கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்றால் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும் மிளகும், வெளியிலே சாமையும் பயிராகும் சிற்றூர்கள். அங்கே வசிக்கும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தவரல்லர். தம் மூதாதையர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையில் நடந்தே இறங்கி வந்தவர்களுக்குச் சாலை வாய்த்தது அண்மையில்தான். விடுதியும் கடைத்தெருவும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும்; குளிர்காற்றே போதுமென்பவர்கள் போகலாம்.

என்னைக் கேட்டால் அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையையே சொல்லுவேன். இராவண வதத்துக்குப் பின் சிவபூஜை செய்ய விரும்பிய இராமபிரானுக்குக் காசித் தீர்த்தம் கொண்டுவர அனுமன் தாமதிக்க, இராமனே பாணத்தால் பாறையைப் பிளந்து நீர் வருவித்தான் என்றும், பிந்தி வந்த அனுமன் வெகுண்டு தன் கலசத்தை வீசியெறிய, அது விழுந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம் என்றும் ஸ்தல புராணம் கூறுகிறது. பக்தர்கள் முதலில் அந்த ஆற்றில் நீராடிவிட்டு, பிறகு படியேறி, உயரத்துப் பாறையிலிருந்து விழும் இராமதீர்த்தத்தைத் தலையில் ஏந்துகிறார்கள். ஒகேனக்கல்லின் பிரவாகத்தைக் கண்ட கண்ணுக்கு இது வெறும் கசிவாகத் தோன்றலாம். ஆனால் சுற்றிலும் கொல்லைகள் வறண்டு கிடக்கும் சித்திரையிலும் அது விழுந்துகொண்டேயிருக்கிறது. இந்தச் சீமைக்காரர்கள் அதைக் கும்பிடுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

கீழிறங்கியதும் அரூரிலே, கிடைத்தால், கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடுங்கள். சென்னைவாசிகள் அங்கிருந்து மொரப்பூருக்கு வந்து ரயிலேறலாம். 1906-இல் அந்த மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய தண்டவாளத்தில் ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கிப் பின்னர் ஓசூர் வரைக்கும் நீண்டது. யுத்த காலத்தில், 1941-இல், அது நின்றுபோயிற்று. இன்று பெரிய பாதையில் எத்தனையோ வண்டிகள் விரைந்து போனாலும் எல்லாம் மொரப்பூரில் நிற்பதில்லை; ஆகையால் கால அட்டவணையை மலை ஏறுவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.